ஒபுராவின் அபராதம்

யிம்போ
9 மார்ச் 2014

லென்சாவின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். லென்சா பள்ளிக்குப் போகிறாள், சின்னவன் ஒவிட்டிக்கு மட்டும் நெஞ்சில் கொஞ்சம் சளி. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெந்நீர் கேட்டால் கொடுக்கிறார்களா, கேட்டதற்காகத் திட்டுகிறார்களா?

இந்த வாரம் ஏதோ உதவி நிறுவனத்திலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய மூன்று பேர் ஊருக்குள் வந்து புல்கூரை வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனார்கள். புல்கூரை போட்டவர்களுக்குக் கைப்பேசியிலேயே பணம் வருமாம். திருப்பித் தரவேண்டாமாம், எதற்குச் செலவழித்தாய் என்றும் கேட்கமாட்டார்களாம். முதலில் ஒரு பெரிய தொகை, வருடக் கடைசியில் இன்னொன்று. நம் வீட்டுக்கு வந்த பெண் சின்ன வயது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள். ஒங்கோரோவின் மாடு நம் சோளத்தை மேய்ந்தது, என் வீட்டுக்காரர் மாட்டை விட்டுவிட்டு ஆளை அடித்தார், ஆளுக்குக் கை முறிந்தது, அபராதம் கட்ட வழியில்லாமல் அதற்குப் பதில் இரண்டு வருடத் தண்டனையில் உள்ளே இருக்கிறார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றாள். பிறகு "வெளியூர்" என்று எழுதிக்கொண்டாள்.

உங்கள் அண்ணன் சகாரியா பெயரே கொடுக்கவில்லை. ஏரிக்குள் பாம்பு வளர்ப்பவர்கள் அனுப்பும் பணமாம், பின்னால் வந்து மூத்த பிள்ளையைக் கேட்பார்களாம். அவருடைய மூத்த பிள்ளையை ஒரு வாரம் வீட்டில் வைத்துச் சோறு போட்டால் பாம்பே திருப்பி அனுப்பிவிடும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்களை விசாரித்தவர்களிடம் நீங்களும் விசாரித்ததாகச் சொல்லிவிட்டேன்.

டோர்சிலா


சிறை, கிசுமு
30 மார்ச் 2014

அலெகோவிலிருந்து வாழவந்த என் அலெகோக்காரிக்கும், உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகிற அதிகாரிக்கும் வணக்கம்.

முதுகு இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. வேறு குறையில்லை. ஒவிட்டிக்கு யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்க வை.

சும்மா யாராவது பணம் கொடுப்பார்களா? கொடுத்தால் வாங்கிக்கொள், ஆனால் பிள்ளைகளின் பெயரை எங்கேயும் எழுதிக் கொடுக்காதே. சகாரியா சொல்வதற்காக இல்லை. ஒரு முன்ஜாக்கிரதை.

எங்கள் கூடத்தில் ஒரு மீனவர் இருந்தார். அவருக்கும் என்னைப்போல்தான், அபராதம் கட்டமுடியாமல் வந்தவர். போன வாரம் அவருடைய தம்பி ஒரு காளையை விற்றுக் கட்டிவிட்டான். இருந்த நாட்களைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் வாங்கினார்களாம். மத்தியானக் களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை அப்படியே எழுப்பி அனுப்பினார்கள். தட்டில் பாதி இருந்தது. அதை நாங்கள் நாலு பேர் பங்கு போட்டோம். அவர் வாசலில் நின்று செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு போய்விட்டார். செருப்பு என்னிடம்தான் இருக்கிறது. மழைக்கு நல்லது.

சோளம் விதைத்தாயா? லென்சா கணக்கில் இன்னும் முதலா? அவளை அடிக்கடி தண்ணீருக்கு அனுப்பாதே. நீயும் ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிடு.

எலியாஸ் ஒபுரா


யிம்போ
21 ஏப்ரல் 2014

லென்சாவின் அப்பாவுக்கு,

கடிதம் பத்து நாள் கழித்து வந்தது, படித்தோம். நீங்கள் செருப்போடு இருப்பதில் எங்களுக்குச் சந்தோஷம். லென்சா இன்னும் முதல்தான், அதைச் சொல்லிச் சொல்லியே தண்ணீருக்குப் போகாமல் தப்பிக்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. விதைத்தாகிவிட்டது, ஒங்கோரோவின் மாடு இந்த முறை கட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குள் ஒழுகாத இடம் இரண்டுதான். ஒன்றில் விதை மூட்டையை வைத்திருக்கிறேன், ஒன்றில் ஒவிட்டி. நானும் லென்சாவும் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்துகொள்கிறோம். போன செவ்வாய்க்கிழமை அவனுக்கு மூச்சு இழுத்தது. மருத்துவமனையில் ஊசி போட்டு, ஈரத்தில் படுக்கவைக்காதே என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பணத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் போண்டோவுக்கே போய்த் தபாலில் போடுகிறேன், சீக்கிரம் சேரும். வெயில் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருங்கள்.

டோர்சிலா


சிறை, கிசுமு
18 மே 2014

அலெகோக்காரிக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும். ஒவிட்டியின் மூச்சைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிட்டாய், நான் ஒரு மாதம் அந்த வரியிலேயே இருந்தேன்.

இங்கே சிறையின் வயலில் களை எடுக்கிறோம். நல்ல கறுப்பு மண். நம் காட்டில் நான் இவ்வளவு ஒழுங்காகக் களை எடுத்திருந்தால் நீ என்னிடம் எத்தனை சண்டை போடாமல் இருந்திருப்பாய்.

அந்தப் பணம் வந்ததா இல்லையா? வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது. கேட்டதற்காகத் தப்பாக நினைக்காதே. நேற்றும் ஒருவர் வீட்டுக்குப் போனார்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

எலியாஸ்


யிம்போ
8 ஜூன் 2014

லென்சாவின் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். ஒவிட்டிக்கு இருமல் நின்றுவிட்டது. மூன்று வாரமாக ஒருமுறைகூட இருமவில்லை. சோளம் இடுப்புயரம் வந்திருக்கிறது. பீன்ஸுக்கு மட்டும் பூச்சி.

கிசுமுவுக்குப் போகும் பாதிரியாரிடம் சோப்பும் சர்க்கரையும் கொடுத்தனுப்புகிறேன். சோப்பு முழுசாக வந்ததா என்று எழுதுங்கள். அறுப்பு நெருங்குவதால் கடிதம் தாமதமாகலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோர்சிலா


சிறை, கிசுமு
2 ஜூலை 2014

அலெகோக்காரிக்கு,

செத்துப்போனவனுக்கு என்ன நலம்? சோப்பு முழுசாக வந்தது. பிணத்தைக் குளிப்பாட்ட உதவும்.

நம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், பெயர் ஓட்டோயோ, திங்கட்கிழமை இங்கே வந்து சேர்ந்தான். வரிசையில் என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டுவிட்டான். "அண்ணே, நீங்க போயிட்டீங்கன்னுல்ல எங்க அம்மா உங்க வீட்டுக்கு அழுக வந்துச்சு" என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அவன் மெதுவாகச் சொன்னான், என் வீட்டுக் கூரையில் ஒசூரி இல்லையாம். கூரையே இல்லையாம். தகரம் பளபளவென்று ரோட்டிலிருந்தே தெரிகிறதாம்.

அந்த ஒசூரிக் கழியை நான் என் கையால் சீவி என் கையால் உச்சியில் ஏற்றினேன். அந்த வீட்டு ஆண் செத்தால்தான் அதை இறக்குவார்கள். நான் செத்துவிட்டேன் என்று யாரிடம் சொல்லிப் பணம் வாங்கினாய்? விதவை என்று எழுதிக் கொடுத்தாயா? பணம் எப்போது வந்தது? எவன் ஏறினான் என் கூரையில்?

நான் இரண்டு கடிதத்தில் கேட்காமல் கேட்டேன். உனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் புரியாத விஷயம் எது?

ஒபுரா


யிம்போ
20 ஜூலை 2014

லென்சாவின் அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடும் கோபத்தோடும் இருப்பதில் எங்களுக்கு நிம்மதி. பிள்ளைகள் நலம். இந்தக் கடிதம் நீளம், உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒசூரி. தகரம் போட வந்த ஆசாரி நம் ஆள் இல்லை, ககமேகா பக்கத்து லுயா இனத்தவர். அவருக்கு ஒசூரியும் ஒன்றுதான் விறகும் ஒன்றுதான். நான் ஏரிக்குத் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் பழைய புல்லோடு அதையும் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டார். ரோட்டில் போன யாரோ பார்த்திருக்கிறார்கள். நான் குடத்தோடு திரும்பும்போது, எனக்கு முன்னால் நாலு பெண்கள் தலையில் கை வைத்து அலறிக்கொண்டு நம் வீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். யார் செத்தது என்று தெரியாமல் நானும் அழுதுகொண்டு கூடவே ஓடினேன். வாசலுக்கு வந்த பிறகுதான் செத்தது என் புருஷன் என்று தெரிந்தது. சகாரியா சாவை விரட்ட மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். நான் உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து வந்து தேதியைக் காட்டினேன். "தேதி யாரு வேணா போடலாம்" என்றார். பாதிரியார் சிறைக்குப் போன் செய்து கேட்டுச் சொன்ன பிறகுதான் மாடுகள் திரும்பின. வந்தவர்களுக்கு டீ வைத்தேன். உயிரோடு இருப்பவருக்கு அழுதோமே என்று யாரும் குடிக்காமல் போகவில்லை.

ஒங்கோரோவும் வந்தார். கோணிப்போன அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தனியாக நின்று அழுதார். அதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

விதவை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஃபார்மில் நீங்கள் வெளியூர்தான்.

இப்போது மற்றது. ஏப்ரல் கடிதம் எழுதும்போதே பணம் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மீனவரின் செருப்புக் கதை எனக்கு முதல் தடவை படிக்கும்போதே புரிந்தது. உங்கள் அபராதத்துக்குப் பணம் சரியாகப் போதும் என்பதும் தெரியும். போண்டோவில் அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த தெருவில் இருக்கும் நீதிமன்றத்துக்குத்தான் போனேன். கட்டுவதற்காகத்தான் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்தது. "கேஸ் நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் குமாஸ்தா. நம்பர் எனக்கு மனப்பாடம். "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நேரே தகரக் கடைக்குப் போனேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒவிட்டி அந்த மழையைத் தாண்டமாட்டான் என்று பயந்தேன், அது ஒன்று. நீங்கள் வந்தால் ஒழுகும் கூரைக்குக் கீழே இன்னொருவர் நனைவார், அவ்வளவுதான் மாறும் என்று நினைத்தேன். அதையும் மீறி ஒன்று இருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. லென்சா பாத்திரம் கைதவறிப் போட்டாலும் திரும்பிப் பார்த்து நடுங்குவதில்லை. நான் அந்த வரிசையில் நிற்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு அலுத்துப்போயிருந்தது. உங்களை வேண்டாம் என்று நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கழித்து வரட்டும் என்று நினைத்தேன். உங்களைச் சிறையில் விட்டுவிட்டு நான் காய்ந்த இடத்தில் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

டோர்சிலா


யிம்போ
14 செப்டம்பர் 2014

லென்சாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதாததால் நலமா என்று மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நலம் என்கிறார்கள்.

போன சனிக்கிழமை கிசுமுவுக்கு வந்தேன். சோளக்களியும் வறுத்த ஒமெனா மீனும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காவலர் மூன்றாவது முறை உள்ளே போய் வந்து, "வரமாட்டேங்கறாரும்மா, நீங்க கிளம்புங்க" என்றார். மீனை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல மனிதர், பாத்திரத்தைக் கழுவித் தந்தார்.

சோளம் அறுத்தாகிவிட்டது. இந்த வருடம் மூட்டை நனையவில்லை. அதனால் அவசரமாக விற்கவும் இல்லை. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

குளிர் காற்று வருகிறது, முதுகை மூடிக்கொள்ளுங்கள்.

டோர்சிலா


யிம்போ
29 டிசம்பர் 2014

லென்சாவின் அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் வந்து போனது. கோழி அடித்தோம். உங்கள் பங்கு என்று லென்சா ஒரு காலை எடுத்து வைத்தாள், மறுநாள் ஒவிட்டி சாப்பிட்டான். எல்லோரும் சுகம்.

பரீட்சை முடிவு வந்தது. நம் பள்ளியில் லென்சாதான் முதல். மாவட்டத்தின் பெரிய பெண்கள் பள்ளியில் இடம் கொடுத்திருக்கிறார்கள், அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் பணம் கட்டிச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். தகரப் பெட்டி, மெத்தை, சீருடை என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் வந்திருக்கிறது.

இரண்டாவது பணமும் வந்துவிட்டது. வந்து மூன்று நாள்தான் ஆகிறது. நான் தொடவில்லை. பள்ளிக்கும் அபராதத்துக்கும் சேர்த்துப் போதாது. சகாரியாவிடம் கடன் கேட்டுப்பார்க்கலாம் என்று போனால், முதல் தடவை பெயர் கொடுக்காததற்கு இப்போது என்மேல்தான் கோபமாக இருக்கிறார்.

முதல் தடவை நானே முடிவு செய்தேன். இந்தத் தடவை செய்யமாட்டேன். இருந்த மாதங்கள் கழிந்ததுபோக மீதியைக் கட்டினால் நீங்கள் வீட்டுக்கு வரலாம். வரவேண்டும் என்று நினைத்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அன்றைக்கே போண்டோவுக்குப் போகிறேன். கேஸ் நம்பர் எனக்குத் தெரியும். லென்சாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் அழமாட்டாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆறு மாதமாகிறது நீங்கள் எழுதி. இதற்காவது எழுதுங்கள்.

டோர்சிலா


சிறை, கிசுமு
15 ஜனவரி 2015

அலெகோக்காரிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். நீங்களும் அப்படியே என்று வாசித்தேன். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. அந்த நீளக் கடிதத்தைப் படித்த அதிகாரி என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நீ வந்தபோது கூடத்தின் ஜன்னலிலிருந்து உன் தலைத்துணி தெரிந்தது. வந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பாத்திரம் கைதவறினால் லென்சா என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே ஆபீசில் விசாரித்தேன். பாதித் தண்டனை முடிந்துவிட்டால் அப்புறம் அபராதம் வாங்கமாட்டார்களாம். மீதியை இருந்தே தீர்க்கவேண்டுமாம். அது சட்டமாம். அதனால் நீ போண்டோவுக்கு அலைய வேண்டாம், பஸ் காசு தண்டம். பணத்தைப் பள்ளியில் கட்டு. பெட்டிக்கு நல்ல பூட்டாக வாங்கு. விடுதியில் திருடுவார்கள்.

ஒங்கோரோவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்.

ஒவிட்டியின் உயரத்தை ஒரு நூலில் அளந்து அனுப்பு.

எலியாஸ்


யிம்போ
8 பிப்ரவரி 2015

லென்சாவின் அப்பாவுக்கு,

ஒவிட்டியின் நூல் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. அளக்கும்போது குதிகாலைத் தூக்கினான், அதனால் இரண்டு விரல் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்கு ஒரு தைலம் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒங்கோரோவிடம் சொன்னேன். "அப்படியா கேட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் ஒவிட்டிக்குப் பால் வந்தது.

செவ்வாய்க்கிழமை லென்சாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். போகிற வழிதான் போண்டோ. அங்கே இறங்கினோம். அவளைப் பெட்டியின்மேல் உட்காரவைத்துவிட்டு நீதிமன்றத்துக்குள் போனேன். அதே குமாஸ்தா. இந்தத் தடவை கேட்பதற்கு முன்னாலேயே கேஸ் நம்பரைச் சொன்னேன். பாதித் தண்டனை முடிந்தால் அபராதம் வாங்கமாட்டீர்களாமே என்றேன்.

"யாரும்மா அப்படிச் சொன்னது? கடைசி நாள் வரைக்கும் வாங்குவோம். இன்னிக்குக் கட்டினா நாளைக்கு வீட்ல இருப்பாரு" என்றார்.

மீதித் தொகையை ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார். பணம் என்னிடம் இருந்தது. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

வெளியே வந்தேன். லென்சா பெட்டியிலிருந்து எழுந்துவிட்டாள். எங்கே போனேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "என்னம்மா சொன்னாங்க?" என்றாள்.

"அப்பா எழுதினது சரிதான். இனிமே வாங்க மாட்டாங்களாம்" என்றேன்.

அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், நான் மறுபக்கத்தைப் பிடித்தேன், பஸ்ஸுக்கு நடந்தோம்.

டோர்சிலா